வைகாசி 9

கங்கைகொண்டானில் ரயில் பாலத்துக்குக் கீழே
மூன்றாவது தூணில் சிவப்புக் கோடு.
அதுதான் என் கடைசி மாதிரி இடம்.
மைதீன் பிச்சை பாட்டிலை மூன்று தடவை அலசி
நாலாவது தடவை நிரப்புவார்.
மூடியில் தேதி எழுதச் சொன்னால்
தமிழ்த் தேதிதான் எழுதுவார்.
வைகாசி 9.
இங்கிலீஷ் தேதியை நான் ஓரமாய் எழுதிக்கொள்வேன்.

சுண்ணாம்புக்கல் குழி நூற்றைம்பதடி.
அடியில் ஊறுகிற தண்ணீர் வெளிர்நீலம்,
கல்யாண ஆல்பத்துக்குப் படம் எடுக்க
ஆள் வருகிற அளவுக்கு நீலம்.
இரண்டு மோட்டார் இராப்பகலாய் அதை மேலேற்றி
ஓடையில் விடும்.
ஓடை சிற்றாற்றில் விடும்.
சிற்றாறு சீவலப்பேரியில் பெரிய ஆற்றில் போய்ச் சேரும்.
விட்ட இடத்துக்குக் கீழே
தண்ணீர் என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல
எனக்குச் சம்பளம்.

கணக்கு ஒன்றும் கடினமில்லை.
ஆற்றின் ஓட்டத்தை ஆற்றின் உப்பால் பெருக்கு,
குழியின் ஓட்டத்தைக் குழியின் உப்பால் பெருக்கு,
கூட்டு, மொத்த ஓட்டத்தால் வகு.
எட்டாம் வகுப்பில் பால்காரன் தண்ணீர் கலந்த கணக்கேதான்.
இங்கே பால் எது என்பதில்தான் தகராறு.

மடிக்கணினி விசிறி இரைய
பத்து வருட மழையை நாலு நிமிடத்தில் பெய்ய வைத்தேன்.
ஆனியில் குற்றாலத்தில் சாரல் விழுந்ததும்
திரையில் சிவப்பு மஞ்சளானது.
ஐப்பசியில் எங்கும் பச்சை.
வைகாசிக்கு வந்தேன்.
ஆற்றின் ஓட்டம் இருக்க வேண்டிய கட்டத்தில் பூஜ்யம்.
பெருக்கினேன், கூட்டினேன், வகுத்தேன்,
மிஞ்சியது குழி.
பதினோரு கிலோமீட்டருக்கு
வரைபடம் ஆறு என்று சொல்வது
குழியின் வால்.

தமிழில் பாட்டிலில் இருப்பதற்கும் மாதிரி என்று பெயர்,
கணினியில் ஓடுவதற்கும் மாதிரி என்று பெயர்.
இரண்டும் ஆறு இல்லை,
ஆறு மாதிரி.

"வருஷச் சராசரியப் போடும்மா,
வைகாசியவே புடிச்சித் தொங்கிட்டு இருந்தா எப்படி?"
என்றார் சேர்மத்துரை சார்.
கோபமாகச் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்துத்தான் சொன்னார்.
சராசரி ஆற்றில்
இதுவரை யாரும் முங்கிக் குளித்ததில்லை
என்று சொல்ல வாயெடுத்து
டீயைக் குடித்தேன்.

மறுபடி ஒருநாள் பாலத்தடிக்குப் போனேன்.
மாடத்தி துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.
"கட்டி சோப்பு கரையுதுக்கா, நுரையவே காணோம்."
கடினத்தன்மை லிட்டருக்கு எழுநூற்றுச் சொச்சம்
என்று என் ஏட்டில் இருந்தது.
அவள் கையில் இருந்ததும் அதே எண்தான்.

அக்கரையில் சவரிமுத்து வெண்டைக்குத் தண்ணீர் பாய்ச்சினார்.
என் கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டு வேகமாய் வந்தார்.
"நிப்பாட்டச் சொல்லி எழுதிராதீய தாயி.
கோடையில இந்தத் தண்ணிய விட்டா
எனக்கு வேற என்ன இருக்கு?"
செடிகளில் இலை நுனி கருகியிருந்தது.
நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
இருவரும் விலையைப் பற்றிப் பேசினோம்,
கிலோ பதினெட்டு ரூபாய் என்றார்.

சராசரியைப் போட்டேன்.
வீட்டுக் கடன் தவணை ஐந்தாம் தேதி.
பதினோரு கிலோமீட்டர்
நானூறு மீட்டராகச் சுருங்கியது, விசிறி கூட இரையவில்லை.

அறிக்கை வழவழப்பான தாளில் அச்சாகி வந்தது.
நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் எங்கும்
வைகாசி இல்லை.
அட்டைப்படத்துக்கு யாரோ
என் கைப்பேசியிலிருந்து ஒரு படத்தை எடுத்திருந்தார்கள்:
வெயிலில் ஒரு பாட்டில், தெளிந்த தண்ணீர்,
மூடியில் நீல மையில்
மைதீன் பிச்சையின் கோணல் எழுத்து.

கையெழுத்துப் போட்ட ஏழு பேரும்
அட்டையைத் திருப்பித்தான் உள்ளே போயிருப்பார்கள்.